டிரெய்லர் பாரம்: கேள்வி பதில்

இந்தியச் சாலைகளில் ஓடும் இழுவை வண்டி, செமி டிரெய்லர் பற்றிய கேள்விகள் மட்டும். ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (நாமக்கல்): 6 டயர் இழுவை, பின்னால் மூன்று ஆக்சில் டிரெய்லர். எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: மத்திய அரசின் 2018 ஜூலை அறிவிக்கைப்படி முன் ஆக்சிலுக்கு 7 டன், நாலு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 11.5, இரட்டை ஆக்சிலுக்கு 21, மூன்று ஆக்சிலுக்கு 27. உங்கள் ஜோடிக்கு 7 + 11.5 + 27 = 45.5 டன். 10 டயர் இழுவை என்றால் 55. இதில் வண்டி, டீசல், டிரைவர், சங்கிலி, தார்ப்பாய் எல்லாம் அடக்கம். ஆனால் உங்கள் ஆர்.சி.யில் பழைய வரம்பான 40.2 என்றே இருந்தால் 40.2தான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 113ஆம் பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டாதே என்றுதான் சொல்கிறது. அறிவிக்கையை மொபைலில் காட்டி அதிகாரியிடம் வாதாட முடியாது.

கேள்வி (சேலம்): 3 டன் கூடுதலாக இருந்தால் அபராதம் எவ்வளவு?

பதில்: 194ஆம் பிரிவு, 2019 செப்டம்பரிலிருந்து: அடிப்படை 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. ஆக 26,000. இறக்கும் கூலியும் உங்கள் தலையில். இறக்கிய பிறகுதான் வண்டி நகரும்.

கேள்வி (ஓசூர்): எடை போடக் கூப்பிட்டால் நிற்காமல் போய்விட்டால்?

பதில்: 40,000. நின்றிருந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும். 114ஆம் பிரிவுப்படி போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடைமேடைக்கு உங்களை அழைத்துப் போகலாம்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர்): ஸ்டீல் காயில் (உருக்குச் சுருள்) ஏற்றுகிறோம். மொத்த எடை 44.5தான், 45.5க்குள். ஆனாலும் ஆக்சில் எடை கூடுதல் என்கிறார்கள். எப்படி?

பதில்: நல்ல கேள்வி. பலர் சறுக்குவது இங்கேதான். மொத்த எடை சரியாக இருப்பது பாதி வேலை. அது எந்த ஆக்சிலில் உட்கார்ந்திருக்கிறது என்பது மீதி.

உதாரணக் கணக்கு ஒன்று போடுவோம். உங்கள் வண்டிக்கு எண்கள் மாறும், வழிமுறை மாறாது. கிங் பின்னிலிருந்து (டிரெய்லரை இழுவையில் மாட்டும் முளை) டிரெய்லரின் மூன்று ஆக்சில்களின் நடு வரை 8 மீட்டர். காலி இழுவை 7 டன்: முன்னால் 4.7, பின்னால் 2.3. காலி டிரெய்லர் 7.5 டன்: கிங் பின்னில் 2, ஆக்சில்களில் 5.5. கிங் பின்னில் இறங்கும் பாரத்தில் 85 சதவீதம் இழுவையின் பின் ஆக்சிலுக்கு, 15 சதவீதம் முன்னுக்குப் போகிறது என்று வையுங்கள்.

பின் ஆக்சிலின் 11.5இல் காலி எடை 2.3 போக மிச்சம் 9.2. அதை 0.85ஆல் வகுத்தால் கிங் பின் தாங்கக்கூடியது சுமார் 10.8. டிரெய்லரின் சொந்த 2 டன் போனால், லோடிலிருந்து 8.8 டன் மட்டும் கிங் பின்னில் வரலாம். டிரெய்லர் ஆக்சில்களில் லோடிலிருந்து 27 − 5.5 = 21.5 டன் வரலாம். இரண்டும் சேர்த்தால் 30.3.

இப்போது 30 டன் காயில் ஏற்றுகிறீர்கள். கிங் பின்னில் 8.5க்குக் (30 − 21.5) குறையக்கூடாது, 8.8ஐத் தாண்டக்கூடாது. அதாவது லோடின் எடை மையம் கிங் பின்னிலிருந்து 5.65 முதல் 5.73 மீட்டருக்குள் விழ வேண்டும். வெறும் 8 சென்டிமீட்டர் இடைவெளி! கிரேன்காரர் காயிலை அரை மீட்டர் முன்னால் வைத்தால் 1.9 டன் கூடுதலாகக் கிங் பின்னில் ஏறிவிடும். அதே வண்டியில் 28 டன் ஏற்றினால் 5.49இலிருந்து 6.14 வரை, 65 சென்டிமீட்டர் கிடைக்கிறது. இரண்டு டன்னை விட்டுக்கொடுத்தால் நிம்மதியாகப் போகலாம். காயிலுக்குத் தொட்டில் அமைக்கும் இடத்தைத் தளத்தில் பெயின்டால் குறித்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஒரு டன் மட்டும் கூடினால்?

பதில்: 22,000. சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): 20 அடி கன்டெய்னர் 30.48 டன் வரை துறைமுகத்தில் எடுத்துக்கொள்கிறார்களே?

பதில்: பெட்டியின் வலுவுக்கான எண் அது. சாலைக்கான எண் அல்ல. வி.ஜி.எம். சீட்டில் (கப்பலில் ஏற்றுமுன் சரிபார்த்த மொத்த எடைச் சீட்டு) பெட்டியின் எடையும் சேர்ந்தே இருக்கும், மறுபடி கூட்டாதீர்கள். பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு மேலே காயில் கணக்கையே போடுங்கள்.

கேள்வி (சங்ககிரி): ரோடு கெடுவதற்கு லாரிதான் காரணம் என்பது பொய். கான்ட்ராக்டர் ஒழுங்காகப் போட்டால் 5 டன் கூடுதலும் தாங்கும்.

பதில்: மோசமாகப் போட்ட ரோடு சீக்கிரம் கெடும், உண்மை. ஆனால் நல்ல ரோட்டையும் ஆக்சில் எடைதான் தின்கிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி: சேதம் ஆக்சில் எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். 11.5 டன் ஆக்சிலில் 13.8 ஏற்றினால் எடை 20 சதவீதம் கூடும், சேதம் இரண்டு மடங்கைத் தாண்டும்.

சங்ககிரி, மறுபடி: அப்படியானால் நாலு டயர் ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்த பழைய வரம்பை 11.5 ஆக்கிய அரசாங்கம்?

பதில்: அதே கணக்கில் அந்த ஆக்சிலின் சேதம் சுமார் 1.6 மடங்கு. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உயர்த்திய வரம்புக்கு மேலும் ஏற்ற அது அனுமதி ஆகாது.

சங்ககிரி, மூன்றாம் முறை: அபராதம் கட்டிவிட்டு அதே லோடோடு போனால் என்ன?

பதில்: 2005இலேயே உச்ச நீதிமன்றம் முடித்த விஷயம் இது. அபராதம் வாங்கிக்கொண்டு கூடுதல் பாரத்தோடு அனுப்பக்கூடாது, இறக்கியே ஆக வேண்டும். டோலில் கட்டும் ஓவர்லோடு கட்டணமும் 194க்கு ஈடாகாது. ரோடு பஞ்சாயத்து இத்துடன் போதும்.

கேள்வி (திருப்பூர்): ஆக்சில் வாரியாக எடை பார்க்க எங்கே போவது?

பதில்: சாதாரண எடைமேடையே போதும். முதலில் முன் சக்கரம் மட்டும் ஏற்றிக் குறியுங்கள். பிறகு இழுவை முழுவதும். பிறகு முழு ஜோடி. கழித்தால் மூன்று எண்கள் வந்துவிடும். மேடைக்கு முன்னும் பின்னும் தரை அதே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். நின்றதும் பிரேக்கை விடுங்கள், பிடித்தபடி நின்றால் ஆக்சில் எண் பிசகும். மேடையின் முத்திரை காலாவதியாகாததா என்றும் பாருங்கள். 400 லிட்டர் டீசலே 330 கிலோவுக்கு மேல் இருக்கும். டேங்க் காலியாக இருக்கும்போது எடுத்த டேர் எடையை (காலி வண்டியின் எடையை) நம்பி விளிம்பு வரை ஏற்றாதீர்கள். நனைந்த மணலும் அப்படித்தான், காய்ந்ததைவிட எடை கூடும்.

கேள்வி (கரூர்): லிஃப்ட் ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் டயர் மிச்சம்தானே?

பதில்: காலியாக இருக்கும்போது. லோடோடு தூக்கினால் அதன் பங்கு மற்ற ஆக்சில்களில் ஏறும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): அபராதம் டிரைவருக்கா, ஓனருக்கா?

பதில்: ஓட்டுபவருக்கும், ஓட்டவைத்தவருக்கும், ஓட்ட அனுமதித்தவருக்கும் 194 பொருந்தும். டிரைவர் ஓனர் இல்லையென்றால், ஓனருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம். ஆனால் லைசென்ஸ் முடங்குவது டிரைவருடையது. 'ஏத்துப்பா, நான் பாத்துக்கறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், டிரைவர் தம்பிகளே.

கேள்வி (திருச்சி): பாய்லர், 90 டன். ஹைட்ராலிக் டிரெய்லர்.

பதில்: இது வேறு உலகம். ஆக்சில் வரிசைக்கு 18 டன் கணக்கு, அனுமதி, பாலங்களின் வலு எல்லாம் தனி. அந்த வேலையைச் செய்யும் நிறுவனத்திடம் போங்கள்.

கேள்வி (தர்மபுரி): 2 டன் கூடுதல், எவ்வளவு வரும்?

பதில்: 24,000. ஆர்.சி.யைப் பார்த்தீர்களா?