சமையலறை ஹூட் உண்மையில் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று எப்படி அளப்பது?

நீங்கள் சொன்ன விவரம் இது: பிரிக்ஃபீல்ட்ஸில் உணவகம், சுவரோடு ஒட்டிய 4 மீட்டர் ஹூட் (அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் கூண்டு), மாட்டிக் கொடுத்தவர் ‘4,000 சி.எஃப்.எம். ஃபேன்’ (நிமிடத்துக்கு 4,000 கன அடி காற்று) என்கிறார், ஆனாலும் புகை மேசைப் பக்கம் வருகிறது.

கோலாலம்பூரில் கட்டடங்களின் காற்றளவு பார்ப்பதுதான் என் வேலை. முதலில் அந்த 4,000-ஐ ஓரமாக வையுங்கள். குறிப்பிட்ட அழுத்தத்தை எதிர்த்து அந்த ஃபேன் தரக்கூடிய அளவு அது. கடைவீட்டின் பின்சந்தில் நாலைந்து வளைவு திரும்பிக் கூரைக்கு ஏறும் டக்டில் (புகை போகும் தகட்டுக் குழாயில்) அந்த அழுத்தம் வேறு. ஹூட்டுக்குள் எண்ணெய் பிடிக்கும் ஃபில்டரில் டிஷ்யூ ஒட்டுகிறதே என்று காட்டுவார்கள். காற்று போகிறது என்பதற்குத்தான் அது சாட்சி. எவ்வளவு என்று அது சொல்லாது.

கணக்கு எளிது: காற்றின் வேகம் பெருக்கல் பரப்பு. சிக்கல் முழுக்க அந்த இரண்டு எண்களையும் எப்படி எடுப்பது என்பதில்தான். காற்றின் வேகத்தைக் காட்டும் கருவியான அனிமோமீட்டரில், சுழலும் இறக்கை வைத்ததை வாங்குங்கள். சூடான கம்பி வகை எண்ணெய்ப் புகைக்கு ஆகாது. ஃபில்டர்களைக் கழுவி, ஒன்றுகூட விடாமல் மாட்டிவிட்டு, வழக்கமாக ஓடும் ஃபேன், ஏர்கான் எல்லாம் ஓடும்போது அளக்க வேண்டும். ஒவ்வொரு ஃபில்டரிலும் ஐந்தாறு இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். நடுவில் இருக்கும் ஃபில்டர் ஓரத்தில் உள்ளதைவிட அதிகம் இழுக்கும், ஒரே இடத்து எண்ணை நம்ப முடியாது.

கருவியை ஃபில்டரின் தகட்டு இடுக்கிலேயே வைத்தால் அங்கே காற்று பீய்ச்சிப் போகும், வேகம் கூடுதலாகத் தெரியும். 500 மி.மீ. சதுர ஃபில்டர் எட்டு என்றால் பரப்பு 2 சதுர மீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 0.75 மீட்டர் என்றால் வினாடிக்கு 1.5 கன மீட்டர், அதாவது சுமார் 3,180 சி.எஃப்.எம். அதையே இடுக்கில் வைத்து 1.3 என்று படித்து முழுப் பரப்பால் பெருக்கினால் 5,500 வந்துவிடும்! அதனால் கருவியை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எந்தத் திருத்த எண்ணால் பெருக்குவது என்பதை ஹூட் தயாரித்தவரிடம் கேட்டு வாங்குங்கள். டக்டில் பிட்டோ குழாய் (காற்றின் அழுத்தத்தை வைத்து வேகம் காட்டும் மெல்லிய குழாய்) விட்டு அளப்பது இன்னும் நம்பகமானது. ஆனால் அதற்கு நீளமான நேர்ப்பகுதி வேண்டும், கடைவீட்டில் அது எங்கே கிடைக்கும்? எண்ணெய் டக்டில் போட்ட ஓட்டையை ஒழுகாமல் அடைப்பதும் தனித் தலைவலி.

சரி, 3,180 போதுமா? சோதனைக்கூடத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத சுவர் ஹூட்டுக்கு, அமெரிக்காவில் கட்டட இயந்திரங்களுக்கான ஐ.எம்.சி. விதித்தொகுப்பு, ரொட்டிக் கல், எண்ணெயில் பொரிக்கும் சட்டி போன்றவற்றுக்கு ஹூட் நீளத்தில் அடிக்கு 300, வோக் அடுப்புக்கு 400 சி.எஃப்.எம். கேட்கிறது. உங்கள் 13 அடிக்கு அது 3,900 அல்லது 5,200. மீ கோரெங் வோக் வரிசை இருந்தால், சொன்ன 4,000 முழுசாக வந்தாலும் பற்றாது.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று. ஊதுபத்திக்கா நம் கடைகளில் பஞ்சம்? கொளுத்தி ஹூட் விளிம்பில் நகர்த்திப் பாருங்கள், அடுப்பு எரியும்போதே. புகை எங்கே வெளியே வழிகிறது என்று தெரியும். சுவர் மின்விசிறியை நிறுத்தியதும் வழிவது நின்றால், பிரச்சினை ஹூட்டில் இல்லை. முன்பக்கம் ரொட்டி சானாய் போடும் கடைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கதவு திறக்கக் கனமாக இருந்தால், வெளியே போன அளவுக்கு உள்ளே காற்று வரவில்லை என்று அர்த்தம். எவ்வளவு பெரிய ஃபேனும் அங்கே திணறும்.

அளவு நிஜமாகவே குறைந்தால் பெல்ட் நழுவுகிறதா பாருங்கள். அப்புறம் சுழலும் திசை. வயர்மேன் மூன்று பேஸில் இரண்டை மாற்றிக் கொடுத்திருந்தால் சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் சரியான பக்கமே இழுக்கும், ஆனால் மிகக் குறைவாக. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இவை இரண்டும் சரியென்றால்தான் புல்லியை மாற்றி வேகம் கூட்டும் பேச்சு. வேகம் 20% கூடினால் காற்றும் 20% கூடும், ஆனால் மின்சுமை 73% ஏறும். மோட்டார் இப்போது எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்துவிட்டு மாட்டிக் கொடுத்தவரைக் கை வைக்கச் சொல்லுங்கள்.