எழுபத்தெட்டு நாட்கள்

அன்புள்ள ஐயா,

தக்கலை அருகே ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மாணவிகளை மாதிரி நாடாளுமன்றப் போட்டிக்குத் தயார்செய்வதற்காக மக்களவை விவாதங்கள் சிலவற்றைச் சேர்ந்து பார்த்தோம். பேசுகிறவர்களில் பலர் ஓர் ஏழைத் தாயையோ விவசாயியையோ மீனவரையோ சொல்லித்தான் தொடங்குகிறார்கள். மறுநாள் ஒரு மாணவி, "என் தொகுதியில் ஒரு தாய் என்னிடம் கண்ணீர்விட்டு அழுதார்" என்று தன் உரையை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அப்படி ஒரு தாய் இல்லை, கற்பனைதான். இதை அனுமதிக்கலாமா? கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்ததும் ஒரு தனிமனிதரின் கதைதானே? இது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் என்றும் படித்தேன். எப்படியும் சாமானியர்களுக்குத் தங்கள் குறையை விவரமாக எடுத்துச் சொல்லத் தெரியாது; தெரிந்தவர்கள் அவர்களுக்காகப் பேசுவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

வ., தக்கலை

அன்புள்ள வ.,

உங்கள் கடிதம் வந்தபோது கருங்கல் பக்கத்தில் என் சின்னம்மையின் வீட்டில் இருந்தேன். அவருடைய தகரப் பெட்டியிலிருந்த பழைய காகிதங்களை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக மனத்தில் கிடந்த விஷயத்தையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடும்.

எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் என்பது ஒரு நியாயம் ஆகாது, அதை விட்டுவிடுவோம். கண்ணகியை இதற்குள் இழுக்காதீர்கள். அவள் அவைக்குத் தானே வந்தாள், தன் வாயால் பேசினாள், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாள். அவளுக்காக இன்னொருவர் வந்து அழவில்லை.

என்னைச் சுட்டது உங்கள் கடைசி வரி. சாமானியர்களுக்கு விவரமாகச் சொல்லத் தெரியாது என்று, இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிள்ளைகளுக்கு மொழியும் கற்பிக்கிற நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

சின்னம்மை முப்பது ஆண்டுகள் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி தல்லியவர், முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்தவர். வறுத்த அண்டியின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு, காலை முதல் மாலைவரை அந்த வேலையைச் செய்து, அந்தக் கூலியில் இரண்டு பெண்களை நர்சிங் படிக்கவைத்தார். இங்குள்ள ஆலைகளுக்கு வேண்டிய அண்டியில் பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானாலும் விலை ஏறினாலும் ஆபீஸ் பூட்டிவிடும். மூன்று வாரம் வேலையிருந்தால் இரண்டு வாரம் இருக்காது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் விதிப்படி, நோயுற்று வேலைக்குப் போக முடியாத நாட்களில் கூலியில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாட்கள்வரை உதவித்தொகையாகப் பெறலாம். ஆனால் அதற்கு ஆறு மாதம் கொண்ட சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முதுகுத்தண்டு தேய்ந்து சின்னம்மை படுத்தபோது அவர் கணக்கில் இருந்தது 71 நாட்கள். விடுபட்ட நாட்களில் பெரும்பாலானவை ஆபீஸ் பூட்டிக்கிடந்த நாட்கள்.

அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஓர் அரசியல் தலைவர் ஆட்களோடு வந்து, அண்டியாபீஸ் பெண்களைச் சந்தித்து, எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அரைமணி நேரம் உட்கார்ந்தார். சின்னம்மை அவரிடம் அழவில்லை. அட்டையை எடுத்துக் காட்டினார், நாட்களை மாதவாரியாகச் சொன்னார். "அண்டி வராததுக்கு நாங்களா குத்தம்? ஆபீசு பூட்டின நாளையும் கணக்குல சேக்கணும், இல்லேன்னா எங்களுக்கு அந்த எழுபத்தெட்டக் கொறைக்கணும்" என்று கேட்டார். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். ஒரு விதியை எப்படித் திருத்த வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல எந்த வழக்கறிஞராலும் முடியாது.

சில வாரங்களில் அந்தத் தலைவர் தம் அவையில் பேசியதைப் பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் காட்டினான். குமரி மாவட்டத்தில் ஒரு தாய் வெந்துபோன தம் கைகளை நீட்டி, ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியில்லை ஐயா என்று தம்மிடம் கதறியதாக அவர் சொன்னார். அவையில் அமைதி நிலவியது. 78 என்ற எண் அந்தப் பேச்சில் எங்குமே இல்லை.

சின்னம்மை இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், "நான் எப்பம் மக்களே பட்டினி கெடந்தேன்? பிள்ளைகளப் பட்டினி போட்டேனா? நாளப் பத்தியில்லா சொன்னேன்" என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

கஞ்சிக்கு வழியில்லை என்று சொன்னால் அவையில் எல்லாக் கட்சியினரும் வருந்தலாம், வருந்திவிட்டு உணவு இடைவேளைக்குப் போகலாம்; யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. 78 என்று சொல்லியிருந்தால் தொழிலாளர் துறை அமைச்சர் எழுந்து குறைப்பேன் என்றோ குறைக்க முடியாது என்றோ சொல்லித்தான் ஆகவேண்டும். அதையே, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுத்திருந்தால் நேரடிப் பதிலும் துணைக் கேள்விகளும் கிடைத்திருக்கும். 1963 ஆகஸ்டில், நேருவின் அரசுமீது எதிர்க்கட்சி வரிசையிலிருந்த கிருபளானி கொண்டுவந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது, பரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று புதிதாக அவைக்கு வந்திருந்த சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா எந்த ஏழையின் கண்ணீரையும் நம்பி நிற்கவில்லை. 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு 3 அணாவில் வாழ்கிறார்கள் என்றார். பிரதமர் 15 அணா என்று மறுக்க வேண்டிவந்தது. திட்ட அமைச்சர் நந்தா ஏழரை அணா என்றார். அரசுக்குள்ளேயே இரண்டு கணக்கு இருந்தது அன்று நாட்டுக்கே தெரிந்தது.

இதற்கு மாறான ஒன்றையும் பாருங்கள். 2008 ஜூலையில், அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை ஒட்டிய நம்பிக்கை வாக்கெடுப்பு விவாதத்தில், கடன் சுமையால் தற்கொலை செய்துகொண்ட விதர்ப்பா விவசாயி ஒருவரின் மனைவியை ராகுல் காந்தி பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கடனில் கணவனை இழந்தவரின் கதை அந்தப் பேச்சில் மின்சாரத் தேவைக்கான சான்றாகிவிட்டது. 15 ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், அமித் ஷா அதே பெண்ணை அதே அவையில் மீண்டும் குறிப்பிட்டு, அவருக்கு வீடும் மின் இணைப்பும் தந்தது மோடி அரசு என்றார். அந்தப் பெண் அதைச் செய்தியாளர்களிடம் மறுத்தார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. போதுமான அளவுக்கு அதைப் பிறர் எடுத்தாண்டுவிட்டார்கள். அவருடைய மறுப்புக்கு அவைக்குறிப்பில் இடம் உண்டா? உறுப்பினர் அவையில் பேசுவதற்கு அரசியலமைப்பின் 105-ஆம் பிரிவு முழுப் பாதுகாப்பு தருகிறது. அது வேண்டியதுதான். மக்களவையின் 353-ஆம் விதி, முன்கூட்டித் தெரிவிக்காமல் ஒருவர்மீது அவதூறான குற்றச்சாட்டு வைப்பதைத் தடுக்கிறது. பரிவோடு பொய்யாகச் சித்திரித்தால் அந்த விதி உதவாது. நீங்கள் பிற நாடுகளைச் சொன்னதால் சொல்கிறேன்: ஆஸ்திரேலியாவின் மேலவையில், பேச்சினால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் குடிமகன் தன் பதிலை அவைக்குறிப்பில் சேர்க்கும்படி விண்ணப்பிக்க 1988 முதல் வழி இருக்கிறது. சின்னம்மைக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் மூன்று வரியில் எழுதி முடித்திருப்பார்.

நம் மீனவர்கள் பலர் கடலில் காணாமற்போன ஒக்கிப் புயலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் கடற்கரை ஊர்க்காரர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, காணாமற்போனவர்களை ஆழ்கடலில் தேடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதன்பிறகு எத்தனை மேடைகளில் 'மீனவத் தாய்மாரின் கண்ணீர்' என்று கேட்டுவிட்டேன்! தேடச் சொன்னவர்களை அழுதவர்களாக மட்டும் நினைவில் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

உங்கள் மாணவியைத் திட்டாதீர்கள். அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். அந்தத் தாய்க்கு எந்த ஊர், என்ன வேலை, என்ன கேட்டார், அதைச் செய்யவேண்டிய அதிகாரி யார் என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியை அவளே அடித்துவிடட்டும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாணவிகளை இங்கே அழைத்து வாருங்கள். சின்னம்மையிடம் கேட்டுவிட்டேன், வரச் சொன்னார். ஈ.எஸ்.ஐ. அட்டை, கூலிச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் கையோடு நோட்டுப் புத்தகம் கொண்டுவரட்டும்; அவர் கொஞ்சம் வேகமாகப் பேசுவார்.

அன்புடன்.