தம்பி, வளாகப் போலீஸைக் கூப்பிடத் தயங்காதீர்கள்

ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்கு அமெரிக்கா வரப்போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பல்கலைக்கழகத்துக்கென்றே தனிப் போலீஸ் உண்டாமே, அவர்களால் குற்றம் குறைகிறதா? இரவில் ஆய்வகத்திலிருந்து நடந்து வரலாமா? குளிர் ஆடை, குக்கர் எல்லாம் ஊரிலிருந்தே கொண்டுவரவா?" குக்கரும் குளிர் ஆடையும் பெரிய விஷயமில்லை, வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். போலீஸ் கேள்விக்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன். 2004-ல் திருச்சியிலிருந்து கிளம்பி மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் வந்து இறங்கிய எனக்கு, இதைச் சொல்ல ஆள் இல்லை.

நம் ஊர்க் கல்லூரி வாசலில் நிற்கும் வாட்ச்மேனை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் இவர்கள் முறையாகப் பதவியேற்ற போலீஸார். துப்பாக்கி உண்டு, கைது செய்யும் அதிகாரம் உண்டு. யேல் பல்கலைக்கழகம் 1894-லேயே நியூ ஹேவன் நகரப் போலீஸார் இருவரை அமர்த்தி இதைத் தொடங்கிவைத்தது.

ஆனால் இருபது ஆண்டுகளாக வளாகத்தைச் சுற்றியே வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குற்றத்தைக் குறைக்கிற வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சின்ன வேலை. இருட்டிய பிறகு போலீஸாரும் மாணவர்களும் கட்டடப் பராமரிப்பு ஊழியர்களும் சேர்ந்து நடைபாதைகளைச் சுற்றி வருவார்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் புதர் ஆள் மறையும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார்கள். மறுவாரம் விளக்கு எரியும், புதர் இடுப்பளவுக்கு வெட்டப்பட்டிருக்கும். நூலகத்தில் இடம் பிடிக்க மடிக்கணினியை மேசையிலேயே விட்டுவிட்டுத் தேநீருக்குப் போனால், திரும்பி வரும்போது அதன் மேல் போலீஸ் வைத்த ஒரு சீட்டு இருக்கும்: இது இந்நேரம் திருடு போயிருக்கலாம் என்று. மாணவரல்லாத ஒருவர் திருட்டில் பிடிபட்டால், இனி வளாகத்துக்குள் வரக்கூடாது என்று எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு கால் வைத்தாலே கைது செய்யலாம். திரும்பத் திரும்பத் திருடுகிற ஒரு சிலரைத் தடுத்தாலே பாதித் தொல்லை ஓய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பழைய ஹூண்டாய், கியா கார்களை எளிதில் கிளப்பிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தபோது, பல இடங்களில் ஸ்டீயரிங் பூட்டை இலவசமாகவே கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் வாங்குகிற பழைய கார்களில் அந்த ரகமும் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு நடையைப் பற்றிக் கேட்டீர்கள். துணைக்கு ஆள் அனுப்பும் சேவை பல வளாகங்களில் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதற்கு பேர்வாக் என்று பெயர். கூப்பிட்டால் பயிற்சி பெற்ற மாணவர்கள் வந்து உங்களோடு நடப்பார்கள். "ஆண்பிள்ளை, எனக்கு எதற்குத் துணை" என்று நினைக்க வேண்டாம். அவசர உதவிக்கான நீல விளக்குக் கம்பங்கள் இருக்கும் வளாகமென்றால் பொத்தானை அழுத்தினால் போதும், வாய் திறந்து இடம் சொல்ல முடியாவிட்டாலும் எந்தக் கம்பம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி கவலையோடு சொல்லும் விஷயம். வளாகத்தின் குற்றக் கணக்கைப் பார்த்துவிட்டு "ரொம்பப் பாதுகாப்பான ஊர்" என்று முடிவு கட்டாதீர்கள். 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருந்தார்கள், கொலையாளி அந்த வழியாக வந்தான். பெற்றோரின் போராட்டத்தால் 1990-ல் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1-க்குள் மூன்றாண்டுக் குற்றக் கணக்கை வெளியிட்டாக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வருவது வளாகமும், பல்கலைக்கழகத்தின் கட்டடங்களும், வளாகத்தை ஒட்டிய பொது இடமும்தான். வாடகை குறைவென்று நம்மவர்கள் போய்ச் சேரும் நாலு தெரு தள்ளிய அடுக்ககம் அதில் இல்லை. மடிக்கணினித் திருட்டும் சைக்கிள் திருட்டும்கூட அந்த ஆண்டுக் கணக்கில் பொதுவாக இடம்பெறாது. அவற்றைப் பார்க்க, வளாகப் போலீஸ் நாள்தோறும் எழுதும் குற்றப் பதிவேட்டைப் பாருங்கள், அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. வீடு எடுக்கும் தெருவுக்கு நகரப் போலீஸின் கணக்கைத் தனியாகப் பாருங்கள். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, சாவி பற்றாமல் பொதுக்கதவுக்குச் செருப்பை முட்டுக்கொடுத்து வைக்கும் நம் பையன்களை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

வளாகத்திலிருந்து வரும் அவசரச் செய்திகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2007 ஏப்ரல் 16 அன்று வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை ஏழே காலுக்கு விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26-க்கு. சிறிது நேரத்தில் நாரிஸ் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் மீதிப் பேரும் சுடப்பட்டார்கள். மொத்தம் 32 உயிர்கள். அன்று வகுப்பறையிலேயே இறந்தவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து கோவை பி.எஸ்.ஜி.யில் படித்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். செய்தி வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர் வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஆண்டே அந்த 1990 சட்டத்தைத் திருத்தி, ஆபத்து உறுதியானதும் உடனே அறிவிக்க வேண்டும் என்றார்கள். ஆனால் சேர்க்கையின்போது இந்திய எண்ணைக் கொடுத்துவிட்டு, இங்கே சிம் மாற்றிய பிறகு அதைப் புதுப்பிக்காதவர்கள் எத்தனை பேர்! அறிவிப்பு அவர்கள் கைக்கு வரவே வராது. இறங்கிய வாரத்திலேயே எண்ணை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது, "போலீஸ் பக்கம் போகாதே, விசாவுக்குப் பிரச்சினை" என்று புதிதாக வருகிறவர்களுக்கு ஓதுகிற மூத்த மாணவர்கள் மீதுதான். ஊரில் காவல் நிலையத்தைக் கண்ட பயத்தை இங்கேயும் பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பறிகொடுத்தவர் புகார் சொல்வதால் மாணவர் விசா போய்விடாது. கடுமையான சில குற்றங்களால் பாதிக்கப்பட்டுப் போலீஸுக்கு உதவுகிறவர்களுக்கென்று இந்த நாட்டில் தனி விசாவே இருக்கிறது. சொல்லாத குற்றத்துக்குப் போலீஸார் ரோந்தும் போட முடியாது, விளக்கும் வைக்க முடியாது. அதே நேரம், "போலீஸ் பேசுகிறேன், பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்" என்று யாராவது போனில் மிரட்டினால் வைத்துவிடுங்கள். திரையில் போலீஸ் எண்ணே தெரிந்தாலும் அது மோசடி.

அந்த ஓதலைக் கேட்டு நடந்தவன் நான். நவம்பர் மாதம், நூலகத்தின் மூன்றாம் தளத்தில் என் பை போனது. மடிக்கணினி, பாஸ்போர்ட், அம்மா மடித்துக் கொடுத்த சமயபுரம் குங்குமப் பொட்டலம் எல்லாம் அதில்தான். நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. புதிய பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் அறிக்கை வேண்டும் என்று தூதரகத்தில் சொன்ன பிறகுதான் வேறு வழியில்லாமல் போனேன். மேசைக்கு எதிரே இருந்தவர் ஐம்பது வயதுக்காரர். நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சரியாக எழுதிக்கொண்டார். அதே தளத்தில் அதே மாலை இன்னும் இரண்டு மடிக்கணினிகள் போயிருந்தனவாம். "அன்றிரவே நீ சொல்லியிருந்தால் வாசல் கேமராவில் எந்த நேரத்தைப் பார்ப்பது என்று தெரிந்திருக்கும். இப்போது பதிவு அழிந்துவிட்டது" என்றார். திட்டவில்லை. அவருக்கே பறிபோனது போல இருந்தது முகம்.

மார்ச்சில் பனி உருகியபோது அவரே கூப்பிட்டார். வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் புதரில் பை கிடந்ததாம். மடிக்கணினி இல்லை. பாஸ்போர்ட் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு. கையுறை போட்டுக்கொண்டு அதைப் பிரித்துக் காட்டி, "இது ரத்தமா? உனக்கு ஏதாவது அடிபட்டதா?" என்று கேட்டார். குங்குமம் என்றேன். அம்மா கொடுத்தது, கோயிலிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, நனைந்த அந்தப் பொட்டலத்தைத் தனியே ஒரு சுத்தமான உறையில் போட்டு, பெயரெழுதி என்னிடம் கொடுத்தார்.