ஆன்டிவைரஸ் போட்ட கம்ப்யூட்டரில் பிரவுசரால் என்ன ஆபத்து வரும்?

"காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன், அதற்கு மேலும் பிரவுசருக்குப் பயப்பட வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் சின்னதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கண்டிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். பிரவுசரில் நீங்களே அழுத்திக் கொடுத்த அனுமதியை ஆன்டிவைரஸ் பெரும்பாலும் வைரஸாகப் பார்ப்பதில்லை.

போன மழைக்காலத்தில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டக்காரர் ஒருவர் சிபியூவைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்தார். "தம்பி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா வைரஸ் வைரஸ்னு ஓரத்துல வருது, மருமக பயந்துபோய் காசு கட்டப் பார்த்துச்சு" என்றார். மாட்டிப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி, பெரிய கம்பெனி எச்சரிக்கை மாதிரியே இருந்தது. முழு ஸ்கேன் ஓட்டியும் ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ் போய் நோட்டிஃபிகேஷன்ஸைத் திறந்தால், பேர் தெரியாத நாலு சைட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தது. சீரியல் பார்க்கப் போன இடத்தில் 'ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்து' என்று கேட்டிருக்கிறது, வீட்டில் யாரோ அழுத்திவிட்டார்கள். நாலையும் நீக்கியதும் நின்றுவிட்டது. பெரியவர் நம்பாமல் கால் மணி நேரம் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராமான எக்ஸ்டென்ஷன் இதைவிட மோசம். 'எல்லா வெப்சைட்டிலும் உங்கள் தகவலைப் படிக்க, மாற்ற' என்று அனுமதி கேட்டால் பேங்க் பக்கமும் அதில் அடக்கம். நல்ல எக்ஸ்டென்ஷன்கூட கை மாறிக் கெட்டுப்போகும். பல லட்சம் பேர் வைத்திருந்த தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் 2020-இல் வேறு ஆள் கைக்குப் போனது, 2021 பிப்ரவரியில் மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) இருக்கிறது என்று கூகுளே அதை முடக்கியது. தேவையில்லாததை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்போது புதிதாக ஒன்று சுற்றுகிறது. 'மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் R எழுத்தும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, என்டர்' என்று ஒரு பக்கம் சொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் காப்பி செய்து வைத்திருப்பது ஒரு கட்டளை, அதை உங்கள் கையாலேயே ஓட வைக்கிறார்கள். ஓடிவிட்டால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் குக்கியும் போய்விடலாம், அதில் குக்கிதான் பெரிய நஷ்டம், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டீர்கள் என்பதற்கான சீட்டு அது, கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே மெயிலுக்குள் நுழைய முடியும்.

எஸ்டேட் ஆபீஸ்களில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுவதைப் பார்க்கிறேன். 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-தான் அதற்குக் கடைசி, அதற்குப் பிந்தைய புது வெர்ஷன் எதுவும் அதில் ஓடாது, அதனால் அதில் பேங்க் வேலை வேண்டாம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். வீடு இங்கே கேரளாவில், பேங்க் கணக்கு தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊரில், எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று எங்கள் பக்கத்தில் பலர் அலைந்தே அரை நாளைக் கழித்துவிடுகிறார்கள். அந்த எண் இந்தியா முழுவதுக்கும் ஒன்றுதான்.