பெயருக்காகக் கார் வாங்குவதா, ஓட்டுவதற்காக வாங்குவதா?

கேள்வி: கையில் 18 லட்சம் இருக்கிறது. பெரிய பெயருள்ள சொகுசு காரைப் பழையதாக வாங்கலாமா, அதே பணத்துக்கு ஓட்ட நன்றாக இருக்கும் சாதாரண கம்பெனியின் புதுக் காரை வாங்கலாமா? வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. வீட்டில் எல்லோரும் ஒன்றைச் சொல்லியும் நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்றால், உங்கள் மனது இரண்டாவதில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். 2018-இல் நானும் இதே இடத்தில் நின்றேன். எல்லோர் பேச்சையும் கேட்டேன். ஒன்பது லட்சம் போனது. பணத்தைக்கூட விடுங்கள், இரண்டு வருடம் வண்டி ஓட்டுவதையே வெறுத்துப்போய் இருந்தேன். அது இன்னும் ஆறவில்லை.

முதலிலேயே ஒன்று. சொகுசு கார்கள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. 'வாங்க வக்கில்லாதவன் பேச்சு' என்று யாராவது கீழே எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வாங்கினேன், ஓட்டினேன், விற்றேன். புதிதாக வாங்கி, வாரண்டியோடு வைத்திருந்து, செலவுக்குக் கலங்காதவர்களுக்கு அவை அருமையான வண்டிகள். என் பேச்சு, முன்னால் இருக்கும் லோகோவைப் பார்த்து ஓட்டிப் பார்க்காமலே வாங்குவதைப் பற்றி.

கோவை கணபதியில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். லேத்தில் நிற்பவனுக்குக் கைதான் முதல் அளவுகோல். கைச்சக்கரத்தைத் திருப்பும்போது எவ்வளவு பேக்லாஷ் (வெற்றாட்டம்) இருக்கிறது, டூல் இரும்பைத் தொட்டுவிட்டதா என்பதெல்லாம் டயலைப் பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். 2008-இல் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோலை ஓட்டிப் பார்த்தபோது, அதே பதில் ஸ்டீயரிங்கிலிருந்து என் கைக்கு வந்தது. மறைமலை நகரில் செய்த வண்டி. 101 குதிரைத்திறன். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இலகுவாகத் திரும்புவது. மைலேஜ் மோசம், ஊருக்குள் 11 கொடுத்தால் பெரிது. வீட்டில் அதைச் சொல்லித்தான் தடுத்தார்கள். இருந்தும் எடுத்தேன்.

மாமனார் ஊர் வால்பாறை. ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும், மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்துப் போட்டோ எடுப்பார்கள். நான் நிறுத்துவது குறைவு. இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, பாதியில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டியின் மூக்கு உள்பக்கம் விட்டு விலகாது. ஓரத்தில் சிதறிய ஜல்லியில் முன்சக்கரம் ஏறினால் அந்த நறநறப்பு உள்ளங்கைக்கு வரும். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். வேகமாகப் போனேன் என்று நினைக்காதீர்கள். அந்த மலையில் முப்பதிலேயே அத்தனையும் தெரியும். பத்து வருடம் அந்த வண்டி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

சரி, அப்புறம் ஏன் மாற்றினேன் என்று கேட்பீர்கள். அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நின்ற செக்யூரிட்டி எனக்கு முன்னால் வந்த பெரிய காரை சல்யூட் அடித்து உள்ளே விட்டார். என்னைப் பார்த்து, "பின்னாடி கிரவுண்டுல போடுங்க சார்" என்று கையைக் காட்டினார். மழை பெய்து ஓய்ந்த நேரம். மனைவி பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். பந்தியில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏந்தம்பி, தொழில் நல்லாத்தான போகுது? இன்னும் அதே வண்டியவே வெச்சிருக்கறயே" என்றார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதே மாதம் எனக்கு ஆர்டர் கொடுக்கும் ஒருவர், "நீங்க வந்து இறங்கற வண்டிய வெச்சுத்தாங்க பார்ட்டி உங்கள எடை போடுவாங்க" என்றார். மூன்றும் சேர்ந்து என்னை அசைத்துவிட்டன.

அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர் வந்து இறங்குவது பெரிய காரில்தான். என் பில்லுக்குப் பணம் வர 120 நாள் ஆகும். சில சமயம் 150. சிறுதொழில்காரர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, கொடுத்து முடிக்கும் வரை சரக்கு வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றும் வந்துவிட்டது. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த மாதம் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். வராத பணத்துக்கு ஜி.எஸ்.டி.யை மட்டும் நாங்கள் முதலிலேயே கட்டிவிடுகிறோம். என்னிடம் கூலிக்கு நிற்கும் ஏழு பேருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நான் கெடு சொல்ல முடியுமா? இந்த மனிதர் சொல்லி நான் கார் மாற்றினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

நான் வாங்கியது நாலு வருடம் ஓடிய சொகுசு வண்டி, 47,000 கிலோமீட்டர், 19 லட்சம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கம்பெனி வண்டியை வைத்துச் சந்தோஷமாக இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு வாய்த்தது அப்படி. நான் செய்த தப்பு ஒன்றுதான். ஷோரூமைச் சுற்றி ஒரே ஒரு ரவுண்டு ஓட்டினேன். ஏ.சி. குளிர்ச்சி, தோல் சீட், கதவைச் சாத்தும்போது வரும் அந்தக் கனமான சத்தம், அவ்வளவுதான் பார்த்தேன். ஃபியஸ்டாவுக்கு எக்ஸ்சேஞ்சில் 90,000 தருவதாகச் சொன்னார்கள். மனசு வராமல் தம்பியிடம் (சித்தப்பா மகன்) கொடுத்துவிட்டேன்.

முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்தில் சல்யூட் கிடைத்தது, பெரியப்பா ஒரு சுற்று ஏறி வந்தார். அப்புறம் ஸ்டீயரிங்கைக் கை கவனிக்கத் தொடங்கியது. கனம் இருந்தது, சேதி இல்லை. சக்கரம் மேட்டில் ஏறியதா பள்ளத்தில் இறங்கியதா என்று கைக்கு ஒன்றும் வராது. ஊருக்குள் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் வயிற்றில் உரசும். பதினோராவது மாதம், இரண்டிலிருந்து மூன்றாவது கியர் விழும்போது ஒரு உதறல் வர ஆரம்பித்தது. கியர்பாக்ஸை நடத்தும் யூனிட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். 2,60,000 ரூபாய். பாகம் வர 19 நாள். திரும்பி வந்த வண்டியில் ஆறு மாதத்தில் மறுபடி அதே உதறல். வால்பாறைக்கு அதை ஒரு தடவைகூட எடுத்துப் போகவில்லை. வளைவில் எதிரே பஸ் வந்தால் எங்கே உரசுவோமோ என்ற பயத்திலேயே வாடகைக் கார் வைத்துப் போனோம். சொந்தக் காரை ஷெட்டில் போட்டுவிட்டு வாடகைக் காரில் போவதற்கு 19 லட்சம் எதற்கு?

2020 ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை மாமனார் தவறிவிட்டார் என்று போன் வந்தது. பெரிய வண்டி அப்போதும் சர்வீஸில். தம்பிக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் ஃபியஸ்டாவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சாவுக்குப் போகும் வழியில் ஓட்டும் சுகத்தைப் பேசுகிறானே என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுகமாக இல்லை. மனைவி பக்கத்தில் அழுதுகொண்டே வந்தாள். மலை முழுக்கப் பனி. இருபது வளைவு தாண்டியிருப்போம், திருப்பத்தில் ஒரு தேயிலை லாரி எங்கள் பக்கமே ஏறி வந்தது. பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தேன். பக்கச் சுவருக்கு ஒரு கை அகலம் விட்டு, நான் எங்கே நிற்க நினைத்தேனோ அங்கே வண்டி நின்றது. லாரி போன பிறகும் என் கை நடுங்கவில்லை. 12 வருடப் பழைய வண்டி, அதில் இரண்டு வருடம் நான் தொடவே இல்லை, ஆனாலும் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. காரியம் முடிந்து இறங்கும்போது மனைவி சொன்னாள்: "இனி இதுலயே வரலாங்க."

அந்த வருடமே பெரிய வண்டியை 12.5 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டேன். தம்பிக்கு அவன் கேட்ட வேறு வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஃபியஸ்டாவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரில் வேலை பார்த்தவர்களை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நன்றாகச் செய்தவர்கள். 2023-இல் வண்டிக்கு 15 வருடம் முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறேன். சாமானுக்கு இதுவரை திண்டாடவில்லை.

பெயருக்கும் தரத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஃபியட் கம்பெனியின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஒரு காலத்தில் மாருதி ஸ்விஃப்டிலும் இருந்தது, டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது, ஃபியட்டின் சொந்த புன்டோவிலும் இருந்தது. ஸ்விஃப்டுக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள், அதே இன்ஜினோடு நல்ல கட்டுமானமும் நல்ல ஸ்டீயரிங்கும் இருந்த புன்டோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2019-இல் மாருதி பலேனோ டொயோட்டா லோகோவோடு கிளான்ஸா என்று வந்தது. நம் ஒரகடம் தொழிற்சாலையில் ஒரே வண்டிதான் ரெனோ டஸ்டர், நிசான் டெரானோ என்று இரண்டு பெயரில் வெளியே வந்தது. பழையவர்களுக்கு ஸ்டாண்டர்டு 2000 ஞாபகம் இருக்கும். 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கொண்டுவந்தது. பார்க்க பிரிட்டனின் ரோவர், உள்ளே காலாவதியான வேன்கார்டு என்ற பழைய கார் வழி வந்த இன்ஜின். விலையும் ஜாஸ்தி. சில வருடத்திலேயே நின்றுபோனது.

தரம் என்றால் பாதுகாப்பும் உண்டு. 2014-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நம் ஊர்க் கார்களை முதன்முதலாக மோதவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு. லோகோ இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பட்டியலில் ஃபோர்டு ஃபிகோவும் பூஜ்யம் வாங்கியது, அதையும் மறைக்க மாட்டேன். ஃபோர்டுக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை. எந்தப் பெயர் என்பதைவிட எந்த மாடல், எந்த வேரியண்ட் என்று பாருங்கள் என்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். 18 லட்சத்துக்கு ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். பின்னவை இரண்டும் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. இப்போது எல்லாம் மோட்டார் உதவியில் திரும்பும் எலக்ட்ரிக் ஸ்டீயரிங்தான், கைக்குச் சேதி குறைவு, ஆனாலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு, கை சொல்லும். ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சன்ரூஃபைப் பற்றிப் பேசினால் பேசட்டும். நீங்கள் பாட்டைப் போடாதீர்கள், ஏ.சி.யை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். மெயின் ரோட்டை விட்டுக் குண்டும் குழியுமான தெருவுக்குள் கொண்டுபோங்கள். 40-இல் ஒரு திருப்பத்தை எடுத்து, நடுவில் கையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று. ஒரு முறை நன்றாகப் பிரேக் போட்டு, நேராக நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் வேறு டீலரிடம் போங்கள், காசு உங்களுடையது.

அதற்குப் பிறகும் பழைய சொகுசு காரில்தான் மனசு நின்றால் வாங்குங்கள், தப்பே இல்லை. அதையும் இதே மாதிரி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், ஏ.சி. மூன்றையும் வெளி மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டி விலைக்கு மேல் மூன்று லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகு வாங்குங்கள்.

நீங்கள் கோவைப் பக்கம் என்றால் ஒரு செய்தி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. ஃபியஸ்டாவை ஆழியாறு வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள், வீட்டாரையும் கூட்டி வாருங்கள். பெட்ரோல் நான் போடுகிறேன்.