நாமினி வேறு, வாரிசு வேறு: அப்பாவின் டெபாசிட் யாருக்குச் சேரும்?

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட்டில் வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பேங்கில் அவர் பெயரில் டெபாசிட் இருக்கிறது. அதில் நாமினி என் அண்ணன். "நாமினி நான்தான், பணம் எனக்குத்தான்" என்கிறார். அம்மா, பாட்டி, நான் மூவரும் இருக்கிறோம். பி.எப்., எல்.ஐ.சி. பணமும் வர வேண்டும். ஃபாரங்களில் நாமினி, லீகல் ஹெயர், சர்வைவர், பெனிஃபிஷியரி என்று மாறி மாறி எழுதியிருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?
– தேவிகுளம் தாலுகாவிலிருந்து ஒரு வாசகி

பதில்: நான்கும் நான்கு ஆட்கள். உங்கள் அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. பேங்கில் போய்ப் பணத்தை வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. வாங்கிய பணம் அவருக்கு மட்டும் சொந்தம் ஆகாது.

நாமினி என்பவர் பேங்க் யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீருமோ, அந்த ஆள். அவ்வளவுதான். வாங்கியதை வாரிசுகளுக்காக வைத்திருந்து பிரித்துக் கொடுக்க வேண்டியவர். டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் பணத்துக்கு 1983-லேயே சர்பதி தேவி வழக்கில் சொன்னது. கம்பெனி ஷேர்களுக்கும் 2023 டிசம்பரில் அதே தீர்ப்புதான். இத்தனை வருஷமாகியும் "நாமினி போட்டாச்சு, இனி அவருக்குத்தான்" என்ற பேச்சு ஊருக்கு ஊர் ஓயவில்லை. கூடப் பிறந்தவர்கள் முகம் பார்க்காமல் போவதற்கு இந்த ஒரு தவறான எண்ணமே போதும் என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

லீகல் ஹெயர் யார் என்பதைப் பேங்க் ஃபாரம் தீர்மானிப்பதில்லை. உயில் இல்லாவிட்டால் உங்கள் குடும்பத்துக்குரிய வாரிசுச் சட்டம்தான் தீர்மானிக்கும். நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் 1956-ம் வருஷச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். பாட்டி என்று நீங்கள் எழுதியிருப்பது அப்பாவைப் பெற்றவர் என்றால், பிள்ளைகள் நீங்கள் இருவர் மட்டும்தான் என்றால், ஆளுக்குக் கால் பங்கு. பாட்டியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அது தப்பு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கணக்கு மாறும்: அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் உங்கள் இருவருக்கும் சரிபாதி, பிள்ளைகள் இருப்பதால் பாட்டிக்குப் பங்கு வராது. கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக மகளின் பங்கு இரண்டு சட்டத்திலும் குறையாது.

சர்வைவர் என்பது ஜாயின்ட் கணக்கில் மட்டும் வரும் சொல். "எய்தர் ஆர் சர்வைவர்" என்று போட்டிருந்தால், ஒருவர் போனபின் மற்றவர் பணத்தை எடுக்கலாம். அவரும் வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. ஜாயின்ட் கணக்கில் நாமினிக்கு வேலை வருவது கணக்கில் உள்ள எல்லாரும் போனபிறகுதான். அப்பாவின் டெபாசிட்டில் அம்மா பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பெனிஃபிஷியரி என்றால் பணத்தை உண்மையில் அனுபவிக்கும் உரிமை உள்ளவர், உயிலில் பெயர் எழுதப்பட்டவரைப் போல. எல்.ஐ.சி.யில்தான் இது குழப்பமாகிறது. 2015-ல் வந்த சட்டத் திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணத்தில் அவர்களுக்கே அனுபவ உரிமை என்கிறது. ஆனால் அது மற்ற வாரிசுகளின் பங்கை அடியோடு அழிக்கிறதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. பாலிசியில் நாமினி அம்மா என்றால் கவலையில்லை. அண்ணன் என்றால் அதற்கு மட்டும் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

பி.எப். தனிக் கதை. கல்யாணத்துக்கு முன் அப்பா யார் பெயரைக் கொடுத்திருந்தாலும் கல்யாணம் ஆனதும் அது செல்லாது. எஸ்டேட்டில் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பழைய ஃபாரத்தில் தம்பி பெயரோ சித்தப்பா பெயரோ இருப்பது சகஜம். புது ஃபாரம் கொடுக்காமலே போயிருந்தால் பணம் குடும்பத்தாருக்குச் சமமாகப் பிரியும். அதில் மேஜரான மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் மகளுக்கும் பங்கு கிடையாது. உங்களுக்குக் கல்யாணமாகிக் கணவர் இருக்கிறார் என்றால், அம்மாவுக்கும், அப்பாவை நம்பியிருந்த பாட்டிக்கும்தான் போகும். விதவை பென்ஷன் எப்படியும் அம்மாவுக்குரியது, நாமினி யாராக இருந்தாலும் சரி. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு இல்லை. ஆபீசில் கேட்டு வாங்குங்கள்.

இனி காகித வேலை. அப்பா குடியிருந்த தாலுகாவின் தாசில்தாரிடம்தான் வாரிசுச் சான்று வாங்க வேண்டும், போடியிலோ தேனியிலோ சொந்தம் இருந்தாலும். வில்லேஜ் ஆபீசில் அதை அனந்தராவகாச சர்ட்டிபிகேட் என்பார்கள். கெஜட்டில் விளம்பரம் வந்து ஆட்சேபம் கேட்டபிறகே கிடைக்கும், ஆகவே சீக்கிரம் மனு கொடுத்துவிடுங்கள். சக்சஷன் சர்ட்டிபிகேட் என்பது இதுவல்ல. அது கோர்ட் கொடுப்பது. நாமினி இருக்கும் டெபாசிட்டுக்குப் பேங்க் அதைக் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்பா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் இனிஷியல் மாறியும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசரிடம் "ஒன் அண்ட் த சேம்" சான்று வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்கள் மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும் ஊரில் இது அடிக்கடி தேவைப்படுகிறது.

அண்ணனுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று பேங்குக்குக் கடிதம் எழுதினால் நிற்காது. நாமினி இருக்கும்போது மற்றவர்களின் உரிமைக் கோரிக்கையைப் பேங்க் ஏற்கக் கூடாது என்பதே சட்டம். கோர்ட் உத்தரவுக்கு மட்டும்தான் கட்டுப்படும். காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே அண்ணன் மனு கொடுக்கும் முன்பே அம்மாவை வைத்துக்கொண்டு பேசுங்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தேவிகுளம் தாலுகா சட்ட சேவைக் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

அம்மாவின் கணக்கையும் இப்போதே சரிசெய்துவிடலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். உங்கள் இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.