வேலையிடத்தில் றெஸ்லிங் கதைப்பது எப்படி? கொக்குவில் தம்பிக்கு ஒரு பதில்

கொக்குவிலில் இருந்து அண்மையில் ரொறன்ரோவுக்கு வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, ஊரில கூட்டாளியளோட றெஸ்லிங் பாத்து மணிக்கணக்கா கதைச்சனாங்கள். இஞ்ச வேலையிடத்தில வயசான ஆக்களும் அதைத்தான் கதைக்கினம். ஆனா எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு எண்டு பழைய சுற்றுப்போட்டியளைச் சொல்லுறாங்கள், ஜப்பான் எண்டுறாங்கள், எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில 'உது பொய்ச் சண்டை, சின்னப்பிள்ளையள் பாக்கிறது' எண்டு சிரிக்கினம். எங்கையிருந்து தொடங்கிறது? காசு குடுத்து நேரில போய்ப் பாக்கலாமோ?"

தம்பி, முதலில் அந்த வீட்டுக்காரரின் சிரிப்பை முடித்துவிடுவோம். எங்கள் ஊர்க் கோயில்களில் சூரன் போருக்கு எவ்வளவு சனம் நிற்கும்? சூரன் தோற்பான் என்று தெரியாமலா நிற்கிறது? தலை மாறுவதையும், தூக்குகிற பெடியள் சூரனை எப்படி ஆட்டுகிறார்கள் என்பதையும் பார்க்கத்தான் போகிறோம். வீட்டுக்குத் திரும்பும்போது எந்தக் கோயில் சூரன் நல்லாய் ஆடினான் என்று சண்டையும் பிடிப்போம். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது என்பது இங்கே வேலையிடத்தில் கதைக்கிற ஐம்பது வயது மனிசனுக்கும் நன்றாகத் தெரியும். அவரிடம் போய் "இது உண்மையா பொய்யா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

அவர்கள் கதைப்பது வேறு விஷயம். யார் வென்றது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை, யாரை வெல்ல வைத்திருக்க வேண்டும் என்பதுதான் வாக்குவாதம். அதற்குச் சுற்றுப்போட்டியைப் போல வசதியான இடம் வேறில்லை. எட்டுப் பேர், பதினாறு பேர் என்று அட்டவணை கண்முன்னால் இருக்கும். யாரை எங்கே வெளியேற்றினார்கள், யாருக்கு லேசான பாதை கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டமாகப் பிடித்து நியாயம் கேட்கலாம். நேற்று வந்த உங்களுக்கும் முப்பது வருடம் பார்த்தவருக்கும் அந்த அட்டவணை ஒன்றுதான். ஆங்கிலம் தடுமாறினாலும் மூன்று பெயரும் ஒரு "நோ, நோ"வும் போதும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனம் நடத்துகிற, வென்றவருக்குக் கிரீடம் சூட்டுகிற சுற்றுப்போட்டிதான் கிங் ஒஃப் த றிங். அதில் 1996 இல் இருந்து தொடங்குங்கள், ஏனென்றால் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். அந்த வருடம் மே 19 அன்று நியூயோர்க் மடிசன் ஸ்குயர் கார்டனில் ஒரு விஷயம் நடந்தது. கெவின் நாஷ், ஸ்கொட் ஹோல் என்கிற இரண்டு மல்லர்கள் எதிர் நிறுவனம் ஒன்றுக்கு மாறிப் போகவிருந்தார்கள். அன்று சண்டை முடிந்ததும் ஷோன் மைக்கல்ஸ், ட்ரிபிள் எச் இருவரும் அவர்களோடு சேர்ந்து, கதைப்படி எதிரிகளாக இருந்தவர்கள் எல்லாரும், றிங்குக்குள் சனத்துக்கு முன்னாலேயே கட்டிப்பிடித்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய குற்றம். நாஷும் ஹோலும் போய்விட்டார்கள், மைக்கல்ஸ் சம்பியன், ஆகவே தண்டனை ட்ரிபிள் எச்சின் தலையில் விழுந்தது. அவருக்கென்று வைத்திருந்த அந்த வருடக் கிரீடம் ஸ்டீவ் ஒஸ்டினுக்குப் போனது. ஜூன் 23, மில்வோக்கி. அரையிறுதியில் ஒஸ்டினுக்கு உதடு கிழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, இறுதியில் ஜேக் றொபர்ட்ஸை வென்றார். றொபர்ட்ஸ் அப்போது பைபிள் வசனம் சொல்லுகிற பாத்திரம். அதை நக்கலடித்து ஒஸ்டின் அந்த மேடையில் சொன்ன "ஒஸ்டின் 3:16" என்ற வார்த்தைதான் பிறகு ரீசேட்டுகளில் ஏறியது. நாங்கள் ஊரில் தெரிந்துகொண்ட ஸ்டோன் கோல்ட் உருவானது அந்த இரவில்தான். கட்டிப்பிடித்ததற்குத் தண்டனை கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை மதியச் சாப்பாட்டு மேசையில் எடுத்துப் போடுங்கள், அரை மணித்தியால இடைவேளை காணாது.

அவர்கள் எண்பத்தெட்டு என்று சொல்வது நான்காவது றெஸில்மேனியா, அதே நிறுவனத்தின் வருடாந்தப் பெரிய நிகழ்ச்சி. அப்போதைய சம்பியன் ஹல்க் ஹோகனிடம் இருந்து அன்ட்ரே என்கிற இராட்சத மல்லர் ஒரு கள்ள நடுவர் விளையாட்டால் பட்டத்தைப் பறித்து டெட் டிபியாசிக்கு விற்கப் பார்த்தார். பட்டம் வெற்றிடமானது, அதை நிரப்ப 1988 மார்ச் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் 14 பேருக்கு ஒரே இரவில், தோற்றவர் வெளியேறுகிற விலகல் முறைப் போட்டி. ஹோகனும் அன்ட்ரேயும் மோதி இரண்டு பேருமே தகுதியிழந்தார்கள். றண்டி சவேஜ் அந்த இரவில் நான்கு சண்டை பிடித்து, இறுதியில் டிபியாசியை வென்றார். ஒவ்வொரு சண்டைக்கும் அவரோடு வந்த எலிசபெத் வேறு வேறு உடுப்பில் வந்தார், வயசான ஆக்கள் அதைத்தான் முதலில் சொல்லுவார்கள். முழுவதையும் இருந்து பார்க்க முயலாதீர்கள். 4 மணித்தியாலத்துக்குக் கிட்ட இழுபடும், நடுவில் தூக்கம் வரும். இறுதிப் போட்டியை மட்டும் பாருங்கள், காணும்.

என் கணக்கில் மிகச் சிறந்தது 1993 கிங் ஒஃப் த றிங். பிரெட் ஹார்ட் ஒரே இரவில் றேசர் றமோன், மிஸ்டர் பெர்ஃபெக்ட், பாம் பாம் பிகலோ என்று மூன்று பேரை வென்றார். மூன்று சண்டையும் மூன்று விதம். அதில் அட்டவணையை எப்படிப் பாவித்தார்கள் என்று பாருங்கள்: லெக்ஸ் லூகரும் டட்டாங்காவும் 15 நிமிடம் முடிந்தும் சமநிலை, இரண்டு பேரும் வெளியே. அதனால் பிகலோ அரையிறுதி இல்லாமலேயே இறுதிக்கு வந்தார். ஒரு பக்கம் களைத்து நொண்டுகிற பிரெட், மறுபக்கம் ஓய்வெடுத்து வந்த மலை போன்ற மனிசன். ஒரு வார்த்தை பேசாமல் கதை சொல்லியாயிற்று. இரண்டு வருடம் கழித்து 1995 இல் மாபெலை வெல்ல வைத்தார்கள். ஷோன் மைக்கல்ஸ் அதே அட்டவணையில் இருக்க, மாபெலுக்குக் கிரீடம்! பிலடெல்பியா சனம் அன்று கத்திய கத்தலை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. எந்தச் சுற்றுப்போட்டி மோசம் என்று யாராவது கேட்டால் நீங்கள் பயமில்லாமல் சொல்லக்கூடிய பதில் அது.

நாங்கள் ஊரில் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிந்திய காலம். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த 2002 இல், கேபிள் இருக்கிற வீட்டில் கூடி டென் ஸ்போர்ட்ஸ் பார்த்த ஆக்களுக்கு அந்த வருடக் கிங் ஒஃப் த றிங்கை வென்ற ப்ரொக் லெஸ்னரைத் தெரியாமல் இருக்காது. பரிசாகக் கிடைத்த வாய்ப்பை வைத்து ஓகஸ்டில் றொக்கையே வென்று 25 வயதில் சம்பியன் ஆனார். கையில் றெஸ்லிங் காட்ஸ், உயரமும் எடையும் நெஞ்சளவும் மனப்பாடம், ரியூசனில் மட்டும் ஒன்றும் மனப்பாடம் இல்லை. அந்த அறிவு வீண்போகவில்லை. பிலிப்பைன்ஸ்காரர், ஜமெய்க்காக்காரர், பஞ்சாபிகள் எல்லாரும் அதே வயதில் அதே ஆக்களைப் பார்த்தவர்கள்தான். பஞ்சாபி நண்பர் கிடைத்தால் டைகர் ஜீத் சிங்கைப் பற்றிக் கேளுங்கள். ரொறன்ரோவிலும் ஜப்பானிலும் பெயர் எடுத்தவர், மில்டனில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது.

கனடாவில் இருக்கிறீர்கள், ஆகவே மேலே சொன்ன பிரெட்டின் ஹார்ட் குடும்பத்தைத் தெரிந்து வையுங்கள். கல்கரிக்காரர். பிரெட்டின் தம்பி ஓவன் 1994 இல் கிங் ஒஃப் த றிங் வென்றார். அதே வருடம் றெஸில்மேனியாவில் அண்ணனையும் தோற்கடித்தார். 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில் மேலிருந்து கயிற்றில் இறக்கும்போது விழுந்து இறந்துபோனார். இதைப் பற்றி இங்கே யாரும் பகிடி விடமாட்டார்கள், நீங்களும் விடாதீர்கள். அவர் நினைவாக, டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குப் போட்டியாக இருக்கிற ஏ.ஈ.டபிள்யூ. நிறுவனம் 2022 இல் இருந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஓவன் ஹார்ட் கிண்ணம் நடத்துகிறது. 2023, 2024 இறுதிகள் கல்கரியிலேயே நடந்தன. இப்போது நடக்கிற விலகல் முறைப் போட்டிகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கிங் ஒஃப் த றிங் இன்றும் இருக்கிறது. 2024 இல் ஜெத்தாவில் குந்தர், 2025 இல் றியாத்தில் கோடி றோட்ஸ். இரண்டு பேரும் வென்றது றண்டி ஓர்ட்டனை. வென்றவருக்கு சமர்ஸ்லாம் என்கிற பெரிய நிகழ்ச்சியில் பட்டப் போட்டி. 2024 இறுதியில் நடுவர் மூன்று எண்ணும்போது ஓர்ட்டனின் தோள் தரையில் படவில்லை என்று பெரிய சர்ச்சை வந்தது. பரிசு நல்லது, ஆனால் சுற்றுகளை வாரக்கணக்கில் இழுத்து, இறுதியை மட்டும் பெரிய மேடையில் வைப்பது எனக்கு ஒட்டவில்லை. ஒரே இரவில் மூன்று சண்டை என்கிற களைப்பு போய்விட்டால் அந்தக் கிரீடத்துக்கு என்ன கனம்?

ஜப்பான் என்று அவர்கள் சொல்வது ஜி1 கிளைமக்ஸ், அங்கே வருடாவருடம் நடக்கிற சுற்றுப்போட்டி. 1991 இல் 8 பேரோடு தொடங்கியது. இது லீக் முறை: இரண்டு பிரிவு, வென்றால் 2 புள்ளி, சமநிலைக்கு 1, ஒரு போட்டிக்கு 30 நிமிடம். முதல் வருடம் யாரும் எதிர்பார்க்காத மசஹிரோ சோனோ வென்றார், டோக்கியோ சுமோ அரங்கில் சனம் இருந்த மெத்தைகளைக் கழற்றி றிங்குக்குள் எறிந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலில் வென்றது 2016 இல், கென்னி ஒமேகா. அவர் வின்னிபெக்காரர், ஆகவே இங்கே ரசிகர்கள் அதைச் சொந்த வீட்டுக் கலியாணம் மாதிரிச் சொல்லுவார்கள். ஏ.ஈ.டபிள்யூ. டிசம்பரில் நடத்துகிற கொன்ரினென்ரல் கிளாசிக்கும் அதே போக்குத்தான், வெற்றிக்கு 3 புள்ளி, 20 நிமிட எல்லை, றிங்குக்கு வெளியே உதவிக்கு ஆள் நிற்கக்கூடாது. முதல் தடவை 2023 இல் எடி கிங்ஸ்ரன் வென்றார். தொடங்குகிற ஒருவருக்கு இதுதான் லேசு, கதை தெரியாவிட்டாலும் புள்ளி அட்டவணை விளங்கும்.

றோயல் றம்பிளையும் சுற்றுப்போட்டி என்று சொல்லிவிடாதீர்கள், சிலருக்குக் கோபம் வரும். அது ஒருவர் பின் ஒருவராக றிங்குக்குள் வந்து, மற்றவர்களை வெளியே எறிகிற ஒரே சண்டை. ஆனால் முதல் றம்பிள் 1988 ஜனவரியில் நடந்தது இங்கே கிட்ட இருக்கிற ஹமில்டனில் என்று சொல்லிப் பாருங்கள். அப்போது 20 பேர்தான், ஜிம் டக்கன் வென்றார். உள்ளூர்க்காரர் பாதிப்பேருக்கே இது தெரியாது.

நேரில் போவது பற்றி. போங்கள், ஆனால் வந்த புதிதில் பெரிய நிகழ்ச்சிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வாடகையும் குளிர் உடுப்பும் முதலில். பெரிய நிகழ்ச்சிகளின் ரிக்கெற் விலை இப்போது எக்கச்சக்கம். சமூக மண்டபங்களில் சிறிய குழுக்கள் நடத்துகிற நிகழ்ச்சிகள் மலிவு, றிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், விழுகிற சத்தம் நெஞ்சில் கேட்கும். பொய்ச் சண்டை என்கிற வீட்டுக்காரரையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு வாராந்த நிகழ்ச்சி ஏதாவது ஸ்கொஷியாபாங்க் அரினாவுக்கு வந்தால் மேல்தட்டில் இடம் எடுங்கள். கென்னடியில் ரயில் ஏறி புளோர்-யங்கில் மாறி யூனியனில் இறங்கினால் வெளியே போகாமலே நடந்து போகலாம். பெரிய பை கொண்டுபோகாதீர்கள், வாசலில் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த நாள் காலை வேலை இருந்தால் கடைசிச் சண்டையின் முடிவோடு எழும்பி நடங்கள், இல்லாவிட்டால் யூனியனில் மூச்சுவிட இடமிராது.

ரொறன்ரோ சனத்துக்கு நடுவில் இருப்பதே ஒரு அனுபவம். 2002 மார்ச் 17 அன்று ஸ்கைடோமில் றொக்கும் ஹோகனும் மோதியபோது ஹோகன்தான் கெட்டவன் என்று எழுதியிருந்தார்கள். 68,237 பேர் கூடிய அந்த அரங்கு ஹோகனுக்குக் கத்தியது, றிங்குக்குள் இருந்த இரண்டு பேரும் அதற்கேற்ப மாறவேண்டி வந்தது. அதே அரங்கில் 1990 இல் ஹோகன் வொரியரிடம் தோற்றபோது சனத்துக்குள் இருந்த ஒரு பெடியன்தான் பிறகு எட்ஜ் என்ற பெயரில் மல்லர் ஆனார். 2001 கிங் ஒஃப் த றிங் அவருடையது. பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். 1930களில் இருந்து றெஸ்லிங் நடந்த இடம், இப்போது கீழே லொப்லோஸ் கடை. அரிசி அங்கே வாங்காதீர்கள், ஸ்காபுரோவில் மலிவு.

ஊர்க் கூட்டாளிகளை விட்டுவிடவும் தேவையில்லை. கனடாவில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. எல்லாம் நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. அவர்களின் வாராந்த நிகழ்ச்சியான றோ வழக்கமாகத் திங்கள் இரவு 8 மணிக்கு, அப்போது கொக்குவிலில் செவ்வாய் விடிய 5.30. ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே வட்சப்பில் சண்டை பிடிக்கலாம். நவம்பரில் இங்கே மணிக்கூட்டை மாற்றியதும் அங்கே அது 6.30 ஆகிவிடும், அதை முதலே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பெடியள் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பிவிட்டு உங்களைத்தான் திட்டுவார்கள்.